வறுத்த காப்பியும் வாடாத மணமும்

வீட்டுப்பாடம்: மாதந்தோறும் ஓர் ஆசிரியை எழுதுவது



பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்தால் வீடு எனக்குப் பாடம் கொடுக்கிறது. இம்மாதப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவை ஒரு பழைய மைலோ டின்னும், என் தாயார் குடிக்காமல் வைத்த அரைக் கோப்பைக் காப்பியும்.

என் தாயார் 35 ஆண்டுகள் பால்மரம் சீவியவர். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, ஒரு கோப்பை கோப்பி ஓ குடித்த பிறகுதான் உளியையும் வாளியையும் தொடுவார். அதன் பிறகுதான் பிரட்டுக்குக் கிளம்புவார். சோறு இல்லாமல் வேலைக்குப் போன நாள்கள் உண்டு; அந்தக் காப்பி இல்லாமல் போன நாள் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தோட்டத்து லயத்தை விட்டு என்னோடு வந்து தங்கிய பிறகும் 4 மணி விழிப்பு மாறவில்லை. நான் எழுவதற்குள் குசினியில் விளக்கு எரியும். காப்பி மணம் வரும். "அம்மா எழுந்துவிட்டார்" என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் கொஞ்ச நேரம் தூங்குவேன்.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு வந்தது. இரவில் தூக்கமும் இல்லை. கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகப் பரிசோதித்து மருந்து கொடுத்தார். "பாட்டி, கோப்பியை நிறுத்தணும். விட முடியலேன்னா, காஃபின் எடுத்த காப்பி கிடைக்குது, அதைக் குடிங்க" என்றார்.

அம்மா மறுத்துப் பேசவில்லை. காரில் திரும்பி வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இனிமே என்னாத்துக்கு நாலு மணிக்கு எந்திரிக்கணும்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. அம்மாவிடமிருந்து காப்பி என்ற பானத்தை மட்டுமா எடுத்தோம்? அவருடைய விடியற்காலையையும் அல்லவா எடுத்துவிட்டோம்!

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகனிடம் சொன்னேன். காப்பி வறுத்து விற்கும் கடை ஒன்றில், காஃபின் நீக்கிய பச்சைக் கொட்டை ஒரு கிலோ வாங்கி வந்தான். "சின்னம்மா, நீங்களே வறுத்துப் பாருங்க. பாட்டிக்கு வீட்டு வறுவல்தானே பிடிக்கும்" என்றான். சாதாரணக் கொட்டையைவிட விலை கூடுதல்தான். ஆனாலும் அம்மாவுக்காக என்றபோது காசைப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, நான்கு ஈடாகப் போட்டு ஒரு கிலோவையும் வறுத்து முடித்தேன். அன்றே அவ்வளவையும் பிளெண்டரில் அரைத்தேன். மைலோ டின்னில் நிரப்பி, எடுக்க வசதியாக அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டில் வைத்தேன். மறுநாள் காலை அம்மா குடித்துவிட்டு, "ம்... கோப்பிதான்" என்றார். எனக்குப் பரீட்சையில் தேறியது போல இருந்தது.

மூன்றாவது வாரம் கோப்பையில் பாதி மிச்சம் இருந்தது. நான்காவது வாரம் குசினியில் விளக்கு எரியவில்லை. அம்மா படுக்கையிலேயே விழித்துக்கொண்டு கிடந்தார். "ஏம்மா, கோப்பி போட்டுக்கலையா?" என்று கேட்டேன். "மருந்து மாதிரி இருக்குடி. உன் மனசு நோகுமேன்னு குடிச்சேன்" என்றார்.

தூளை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பலகாரம் சுட்ட எண்ணெயை நாள்பட வைத்தால் வருமே ஒரு காறல் வாடை, அது வந்தது. குற்றம் கொட்டையில் இல்லை. நான் வைத்த முறையில்தான் இருந்தது. அதன் பிறகு படித்தும், விசாரித்தும், ஒவ்வொரு வாரமும் செய்து பார்த்தும் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் டாக்டர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் காப்பியை விட்ட பெரியவர்கள் இருக்கக்கூடும் அல்லவா?

காஃபினை எப்படி எடுக்கிறார்கள்?

காப்பிக்குச் சுறுசுறுப்புத் தரும் பொருளின் பெயர் காஃபின். 1819-ஆம் ஆண்டில் ரூங்கே என்ற ஜெர்மானிய வேதியியலார் அதைக் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். காஃபினை நீக்கிய காப்பியை வணிகமாக நடத்திக் காட்டியவரும் ஒரு ஜெர்மானியரே. பிரேமன் நகரத்துக் காப்பி வணிகர் லூட்விக் ரோசேலியுஸ் 1906-இல் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். காப்பியைச் சுவை பார்க்கும் தொழிலிலிருந்த தம் தந்தை அதிகக் காப்பியால்தான் இறந்தார் என்று அவர் நம்பியதாகச் சொல்வார்கள். பெற்றவரை நினைத்துப் பிறந்த தொழில் என்று அறிந்தபோது எனக்கு அந்த மனிதர் மீது ஒரு பரிவு உண்டாயிற்று. அந்தக் காலத்தில் இதற்குப் பென்சீன் என்ற திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அது உடலுக்குத் தீங்கானது என்று தெரிந்த பின் கைவிட்டார்கள்.

இன்று வேறு முறைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் வேலை நடப்பது பச்சைக் கொட்டையில்தான். வறுத்த பிறகு அல்ல. கொட்டையை நீராவியிலோ நீரிலோ ஊற வைத்து உப்பச் செய்கிறார்கள். பிறகு கரைப்பான் திரவத்தாலோ, கரி வடிகட்டியில் நீரைச் செலுத்தியோ, மிகுந்த அழுத்தத்தில் கரியமில வாயுவைக் கொண்டோ காஃபினை இழுத்துவிடுகிறார்கள். கடைசியில் மறுபடியும் உலர்த்துகிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா என்னிடம், "நல்லாக் கறுக வறுத்தா வீரியம் போயிடாதா?" என்று கேட்டார். போகாது. கறுக வறுப்பதனாலோ, கொட்டையைக் கழுவுவதனாலோ, தூளை இரண்டு தடவை கொதிக்க வைப்பதனாலோ வீட்டில் காஃபினை நீக்க முடியாது. சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கும் நம் ஊர்க் காப்பித் தூள் கன்னங்கரேல் என்று இருப்பது சீனி கருகியதால். அந்தக் கறுப்பை நம்பிக் குடித்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காஃபின் நீக்கிய காப்பியிலும் கொஞ்சம் காஃபின் மிச்சம் இருக்கும். சாதாரணக் காப்பி ஒரு கோப்பையில் 80 முதல் 100 மில்லிகிராம் வரை இருந்தால், இதில் பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிகிராம்தான் இருக்கும். ஆகவே எத்தனை கோப்பை குடிக்கலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் இது சீக்கிரம் கெடுகிறது?

ஒரு தடவை ஊறி, உப்பி, மறுபடி உலர்ந்த கொட்டை அது. உள்ளே இருக்கும் நுண்ணறைகள் தளர்ந்துவிடுகின்றன. வறுக்கும்போது எண்ணெய் எளிதாக மேலே வந்துவிடுகிறது. நறுமணத்தைத் தாங்கிய வாயுக்கள் விரைவாக வெளியேறுகின்றன. காற்றும் எளிதாக உள்ளே புகுகிறது. சாதாரணக் கொட்டை மூன்று நான்கு வாரம் தாங்கினால், இது இரண்டு வாரத்திற்குள் தளர்ந்துவிடுகிறது. என் அனுபவத்தில் பத்து நாள் வரை நன்றாக இருக்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருக்கும் என் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "இதிலே என்ன அதிசயம்? குலை வெட்டினா 24 மணி நேரத்துக்குள்ளே ஆலைக்குப் போயிடணும். நசுங்கிய பழம் கிடந்தா எண்ணெய் கெட்டுப் போகும்னு தெரியாதா?" என்றார். அம்மாவும் சேர்ந்துகொண்டு, "பாலும் அப்படித்தான். வெயில் ஏறுமுன்னே ஸ்டோருக்குப் போகணும். இல்லேன்னா வாளியிலேயே கட்டிக்கும்" என்றார். கெடும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆனால் எடுத்த பொருளுக்கு ஒரு நேரக்கெடு உண்டு என்பதைத் தோட்டத்து மக்களாகிய நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. குசினிக்குள் வந்ததும் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

நான்கு பகைவர்கள்

வறுத்த காப்பிக்குப் பகைவர்கள் நான்கு: காற்று, ஈரம், சூடு, வெளிச்சம்.

காற்றிலுள்ள பிராணவாயு கொட்டையின் எண்ணெயோடு சேர்ந்து காறலை உண்டாக்குகிறது, மணத்தையும் கெடுக்கிறது. முழுக் கொட்டையில் காற்றுப் படும் இடம் குறைவு. அதையே அரைத்துத் தூளாக்கினால் காற்றுப் படும் இடம் பல மடங்காகிறது. கொட்டை வாரக்கணக்கில் இழப்பதைத் தூள் ஓரிரு நாளில் இழந்துவிடும். ஒரு கிலோவையும் ஒரே நாளில் அரைத்து வைத்தேனே, அதுதான் என் முதல் பெரிய தவறு.

ஈரம் நம் நாட்டில் சொல்ல வேண்டியதே இல்லை. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. தீபாவளி முறுக்கு மூடி சரியில்லாத டின்னில் இருந்தால் இரண்டே நாளில் நமத்துப்போகிறது அல்லவா? காப்பியும் அப்படியே நமத்துப்போகும். ஈரக் கரண்டியை உள்ளே விட்டால் பூசணம் பிடிக்கவும் கூடும்.

சூடு இந்த வேலைகளையெல்லாம் விரைவுபடுத்தும். அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தது என் இரண்டாவது தவறு. சோறு கொதிக்கும் ஆவியும் சூடும் நாள்தோறும் அந்த டின்னில் ஏறின. ஐஸ்பெட்டியின் மேல் வைப்பதும் நல்லதல்ல. அங்கும் சூடு உண்டு.

வெளிச்சம் நான்காவது. கண்ணாடிப் போத்தலில் போட்டு அழகுக்காக ஜன்னல் ஓரம் வைக்கக் கூடாது.

இந்த நான்கோடு வாடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பி மற்றப் பொருள்களின் வாடையை உறிஞ்சும். பெலாச்சான், கருவாடு, வெங்காயம், சூடம் இவற்றுக்குப் பக்கத்தில் காப்பி இருக்கக் கூடாது.

கணக்குப் போட்டு வறுக்க வேண்டும்

இப்போது என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை. கோப்பைக்கு 10 கிராம் தூள். வாரத்திற்கு 14 கோப்பை, 140 கிராம். வறுக்கும்போது கொட்டையின் எடை ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும். ஆகவே வாரத்திற்கு 165 கிராம் பச்சைக் கொட்டை போதும். ஒரு கிலோ ஆறு வாரத்திற்கு வரும். ஒரே நாளில் வறுத்துவிட்டு ஆறு வாரம் குடிக்கலாம் என்று நினைத்தேனே, அதை ஆறு தடவையாக வறுத்திருக்க வேண்டும்.

பச்சைக் கொட்டை வறுத்த கொட்டையைப்போல் விரைவில் கெடாது. ஈரம் படாமல், நிழலில், மூடி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். காஃபின் நீக்கியதை மட்டும் ஆறு மாதத்திற்குள் வறுத்து முடிப்பது நல்லது. சேமித்து வைக்க வேண்டுமானால் பச்சையாகச் சேமியுங்கள், வறுத்துச் சேமிக்காதீர்கள்.

வறுக்கும்போது ஓர் எச்சரிக்கை. சாதாரணப் பச்சைக் கொட்டை பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். காஃபின் நீக்கியது தொடக்கத்திலேயே பழுப்பாக இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். ஏறத்தாழ 10 நிமிடத்தில் கடுகு வெடிப்பது போன்ற ஓசை எழும். சாதாரணக் கொட்டையைவிட இதன் ஓசை மெல்லியது. வானொலியை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டும். வெடிப்பு அடங்கி ஓரிரு நிமிடத்தில், கொட்டை மேல் எண்ணெய் பளபளக்குமுன் இறக்கிவிடுங்கள். எண்ணெய் வழிய வழிய வறுத்தது இன்னும் விரைவாகக் காறும்.

இறக்கியதும் முறத்தில் பரப்பி விசிறியால் ஆற்றுங்கள். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் மேலும் கறுகும். சூட்டோடு டின்னில் போட்டால் மூடியின் உட்புறம் வேர்த்து, அந்த நீரே கொட்டையைக் கெடுக்கும்.

முதல் நாள் ஓய்வு

வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வந்துகொண்டே இருக்கும். முதல் நாளில்தான் அதிகம். அந்த நேரத்தில் போத்தலை இறுக மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும். கடைகளில் விற்கும் காப்பிப் பைகளில் பொத்தான் போன்ற ஒரு சிறு துளை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத வால்வு அது. நம்மிடம் அது இல்லாததால் முதல் நாள் மூடியைத் தளர வைத்து, மறுநாள் இறுக்கிவிட வேண்டும். வறுத்த அன்றே போட்டால் காப்பி கொஞ்சம் முரடாக இருக்கும். ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் சுவை படிந்துவரும். காஃபின் நீக்கிய கொட்டைக்கு அதற்கு மேல் ஓய்வு வேண்டாம்; காத்திருக்கக் காத்திருக்க நாளும் போகும், மணமும் போகும்.

எதில் வைப்பது?

திருகு மூடியும் அதனுள் ரப்பர் வளையமும் உள்ள சிறிய ஜாம் போத்தல்கள் போதும். கழுவி, வெயிலில் காய வைத்து, பழைய வாடை இல்லை என்று முகர்ந்து பார்த்த பிறகு பயன்படுத்துங்கள். ஒரு பெரிய போத்தலைவிட இரண்டு சிறிய போத்தல்கள் நல்லவை. பெரிய போத்தலில் கொட்டை குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். சிறிய போத்தலைக் கழுத்துவரை நிரப்பி, ஒன்று தீர்ந்த பின் அடுத்ததைத் திறந்தால் காற்றுக்கு இடமில்லை.

ஒவ்வொரு போத்தலிலும் வறுத்த தேதியை ஒட்டி வையுங்கள். "போன வாரம்தானே வறுத்தோம்" என்று நாம் நினைப்பது பல நேரங்களில் அதற்கு முந்திய வாரமாக இருக்கும்.

காலையில் அம்மாவுக்கு வேண்டிய 10 கிராமை அப்போதே அரைக்கிறோம். பிளெண்டரின் சிறு கிண்ணத்தில் அரை நிமிடம் போதும். அரைக்க வசதி இல்லாதவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்பெட்டியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கீழ்த்தட்டில் வேண்டாம். அங்கே மீன் வாடையும் ஈரமும் உண்டு. வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த கொட்டை மேல் பனித்துளி படியும். உறைய வைக்கும் மேலறையில் வைக்கலாம். அதற்கு ஒரு முறை உண்டு. ஒரு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் காற்றில்லாமல் ஒரு சிறு பொட்டலமாகக் கட்டுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் விட்டுவைத்துப் பிறகு திறங்கள். திறந்ததை மறுபடி உறைய வைக்காதீர்கள். ஊருக்குப் போகும் நாள்களுக்கு இந்த முறை உதவும்.

கெட்டதா, நல்லதா? இரண்டு சோதனைகள்

முதல் சோதனை: கொஞ்சம் கொட்டையை அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை நசுக்கி வெளியேற்றி இறுக மூடுங்கள். இரவு முழுவதும் வைத்துக் காலையில் பாருங்கள். பை உப்பியிருந்தால் கொட்டை இன்னும் புதியது. தட்டையாகவே இருந்தால் அதன் வாயு அடங்கிவிட்டது.

இரண்டாவது: வடிகட்டித் துணியில் தூளைப் போட்டுக் கொதிநீரைக் கொஞ்சமாக ஊற்றுங்கள். புதிய தூள் நுரைத்து மேலெழும். பழைய தூள் சேறு போலப் படுத்துக் கிடக்கும். காஃபின் நீக்கிய காப்பியில் நுரை எப்போதும் சற்றுக் குறைவுதான். அதைச் சாதாரணக் காப்பியோடு ஒப்பிடாமல், அதன் முதல் வார நுரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலான சோதனை மூக்குத்தான். காறல் வந்த தூளைச் சீனி போட்டு மறைக்காதீர்கள். பூச்செடியின் மண்ணோடு கொஞ்சம் கலந்துவிடுங்கள்.

இவை காஃபின் நீக்கிய காப்பிக்கு மட்டும் அல்ல. கடையில் வாங்கும் சாதாரணத் தூளுக்கும் அதே நான்கு பகைவர்கள்தாம். பெரிய பொட்டலம் மலிவு என்று வாங்கி, பாதி மணமில்லாமல் குடிப்பதைவிடச் சிறிய பொட்டலம் வாங்குவதே சிக்கனம்.

அம்மா சொல்லாமல் வைத்திருந்தது

இவ்வளவையும் கற்ற பிறகு ஒரு சனிக்கிழமை 165 கிராம் வறுத்து முறத்தில் ஆற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். "உங்க பாட்டியும் இப்படித்தான். ரெண்டு கை கொட்டைக்கு மேலே சட்டியிலே போட மாட்டாங்க" என்றார்.

எனக்கு நினைவு வந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் நான்கு காப்பி மரங்கள் நின்றன. இலையும் பழமும் பெரிதாக இருக்கும் லைபீரிகா மரங்கள். இன்றும் ஜொகூரிலும் சிலாங்கூரிலும் பெருமளவு பயிராவது அந்த வகைதான். பாட்டி பழத்தைப் பறித்துக் காய வைத்து, உரலில் குத்தித் தோல் நீக்கி, வாரம் ஒரு தடவை இரண்டு கை அளவு வறுப்பார். இல்லாமையால்தான் அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வறுக்கிறார் என்று சிறுவயதில் எண்ணியிருந்தேன்.

காப்பி நமக்குப் புதிய பயிரும் அல்ல. 1869-இல் இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் பரவி, பின்னர் அங்கே காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அங்கிருந்த தோட்டக்காரர்கள் சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். 1890-களில் சிலாங்கூரில் காப்பிதான் பெரிய தோட்டப் பயிராக இருந்தது. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்த பிறகுதான் ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. பால்மரத்திற்கு முன்பே காப்பிச் செடிக்கு நடுவில் நின்று உழைத்த தமிழர்கள் உண்டு. அந்தக் கைகளுக்குத் தெரிந்தது லயத்துக் குசினிகளிலும் தங்கியிருந்தது போலும்.

"அம்மா, நான் ஒரு கிலோவை வறுத்து அரைச்சப்போ நீங்க ஏன் ஒண்ணும் சொல்லலே?" என்று கேட்டேன்.

"டீச்சரம்மாவுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு இருந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கிய நான், அடுத்த அறையில் இருந்த அம்மாவைக் கேட்கத் தோன்றாமல் எங்கெங்கோ விசாரித்திருக்கிறேன். மூத்தவர்களுக்கு வேண்டியதை நாமே தீர்மானிக்கிறோம், நாமே வாங்குகிறோம், நாமே செய்கிறோம். "உங்களுக்கு எப்படி வேண்டும்?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறோம்.

வயதானவர்களிடமிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும் காலம் வந்துவிடுகிறது. சீனியை எடுக்கிறோம், உப்பை எடுக்கிறோம், காப்பியை எடுக்கிறோம். எல்லாம் அவர்கள் நன்மைக்குத்தான். ஆனால் எடுத்ததற்கு ஈடாகக் கொடுப்பதையாவது காறலில்லாமல் கொடுக்க வேண்டும். காஃபின் இல்லாத காப்பியை அம்மா ஏற்றுக்கொண்டார். மணமும் இல்லாத காப்பியைக் கொடுத்தபோதுதான் ஒதுக்கினார்.

பழைய மைலோ டின்னை எறியப் போனேன். அம்மா விடவில்லை. வறுத்த கொட்டை நிறைந்த இரண்டு ஜாம் போத்தல்களும் இப்போது அந்த டின்னுக்குள் நிற்கின்றன. வெளிச்சத்தை டின் தடுக்கிறது. காற்றைப் போத்தல் தடுக்கிறது. அடுப்புக்கு எட்டத்தில், அலமாரியின் கீழ்த்தட்டில், அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் அது இருக்கிறது.

விடியற்காலை 4 மணிக்குக் குசினியில் மறுபடியும் விளக்கு எரிகிறது. பிளெண்டர் அரை நிமிடம் இரைகிறது. அந்தச் சத்தத்தில் என் தூக்கம் கலைவது உண்மைதான். சில நாள்களில் நானும் எழுந்து போய் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இம்மாத வீட்டுப்பாடம் உங்களுக்கு இதுதான்: குசினிக்குப் போய்க் காப்பி டின்னைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம், அந்தக் காலத்தில் காப்பிக் கொட்டையை எப்படி வறுத்தார்கள், எதில் வைத்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பிள்ளைகளை விட்டு ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.